வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.: பாஸ் சதவீதத்தை நம்பி நாடு தேர்ந்தெடுக்கலாமா?

நீட் ரிசல்ட் வந்த வாரத்தில் தொடங்கி கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்று வரை ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளை தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டது, அரசுக் கல்லூரிக்குப் போதாது, டீம்டு எனும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட வசதியில்லை. ஒரு ஏஜென்ட் ஜார்ஜியா என்கிறார், இன்னொருவர் கிர்கிஸ்தான் என்கிறார், மூன்றாமவர் "எங்க காலேஜ்ல எஃப்.எம்.ஜி.இ. பாஸ் பர்சன்டேஜ் 60" என்று பளபளப்பான நோட்டீஸை நீட்டுகிறார். எதை நம்புவது?

எஃப்.எம்.ஜி.இ., அதாவது வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுதும் தேர்வில் தேறுவோரின் சதவீதம், முக்கியம்தான். ஆனால் அதை எல்லாரும் தப்பாகப் படிக்கிறார்கள், விற்பவர்கள் தெரிந்தே தப்பாகக் காட்டுகிறார்கள். அதனால் முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று பார்ப்போம், அப்புறம் ஒவ்வொரு வழியாக வருவோம். ஆளுக்கு ஆள் பதில் மாறும் என்பதால் "இந்த நாட்டுக்குப் போ" என்று ஒரே வரியில் சொல்லப்போவதில்லை. சில வழிகளை மட்டும் வேண்டாம் என்று நேராகவே சொல்வேன்.

## அந்தத் தேர்வு என்ன?

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். அல்லது அதற்கு இணையான பட்டம் முடித்து வரும் இந்தியர் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுத வேண்டியது எஃப்.எம்.ஜி.இ. என்ற ஸ்கிரீனிங் தேர்வு. 2002 முதல் நடக்கிறது. தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் பருவம், டிசம்பர் பருவம் என்று நடத்துகிறது. 300 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, 150 எடுத்தால் பாஸ். ரேங்க் கிடையாது.

கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 டிசம்பர் பருவத்தில் எழுதியவர்களில் பாஸானவர்கள் கிட்டத்தட்ட 30 சதவீதம். அதற்கடுத்த 2025 ஜூன் பருவத்தில் 18.6 சதவீதம், அதாவது 36 ஆயிரம் பேர் எழுதி 6,700 பேர். ஆறு மாதத்தில் எல்லாக் கல்லூரியும் தரம் கெட்டுப்போய்விடவில்லை. கேள்வித்தாள் மாறியது, எழுத வந்த கூட்டம் மாறியது. ஒரே ஒரு ரிசல்ட்டைப் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் அடிப்பவரை இதனால்தான் நம்பக்கூடாது.

இங்கேயே படிப்பவர்களுக்கு இப்போதைக்கு இப்படி ஒரு தேர்வு கிடையாது. பல்கலைக்கழக இறுதித் தேர்வு, ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அவ்வளவுதான். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் நெக்ஸ்ட் என்று ஒரு பொதுத் தேர்வு இருக்கிறது, உள்நாடு வெளிநாடு இரு தரப்பும் எழுத வேண்டியது. 2023 ஜூலையில் மாதிரித் தேர்வு வரை தேதி குறித்து, பிறகு தள்ளிவைத்தார்கள். இன்று சேரும் மாணவர் ஆறேழு வருடம் கழித்து வெளியே வரும்போது அது வந்திருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பதே புத்திசாலித்தனம். அப்போது டீம்டு மாணவரும் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் படித்த மாணவரும் ஒரே தாளை எழுதுவார்கள்.

## சதவீதத்தை எப்படிப் படிப்பது

2015 முதல் 2018 வரையிலான நாலு வருட விவரத்தைத் தேசியத் தேர்வு வாரியம் நாடுவாரியாக, கல்லூரிவாரியாகவே வெளியிட்டது. மொத்தம் 61 ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுதினார்கள், 8,700 சொச்சம் பேர் தேறினார்கள். 14 சதவீதம். நாடுகளைப் பிரித்தால், சீனாவிலிருந்து வந்த 20 ஆயிரம் பேரில் ஏறக்குறைய 12 சதவீதம், ரஷ்யா 13, உக்ரைன் 15, நேபாளம் 18, வங்கதேசம் 27, மொரீஷியஸ் 52. பழைய கணக்குதான், ஆனாலும் இந்த எண்களைத் தட்டிப் பார்த்தாலே பல விஷயம் வெளியே வரும்.

மொரீஷியஸின் 52 சதவீதத்தைப் பாருங்கள். எழுதியவர்கள் நாலு வருடத்தில் 154 பேர். இருபது பேர் சறுக்கியிருந்தால் 40க்குக் கீழே போயிருக்கும். "எங்க காலேஜ் 60 சதவீதம்" என்பவரிடம் எத்தனை பேரில் 60 என்று கேளுங்கள். பத்துப் பேர் எழுதி ஆறு பேர் பாஸ் ஆனாலும் 60தான்.

அடுத்தது, இந்த எண் ஆட்களை எண்ணுவதில்லை, எழுதிய தடவைகளை எண்ணுகிறது. ஒருவர் நாலு முறை எழுதி நாலாவது முறை பாஸ் ஆனால் கணக்கில் நாலு பேர் எழுதி ஒருவர் பாஸ். அமெரிக்காவின் மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யில் முதல்முறை எழுதுவோர், மறுபடி எழுதுவோர் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். நம் எண்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதனால் "20 சதவீதம்தான் பாஸ், அப்போ 80 பேர் டாக்டரே ஆகமாட்டாங்க" என்று பயப்படுவதும் சரியில்லை. ஒவ்வொரு முறையும் 20 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் நாலு முறை எழுதியபின் 59 பேர், ஆறு முறை எழுதியபின் 74 பேர் தேறியிருப்பார்கள். நிஜத்தில் அவ்வளவு வராது, முதலிரண்டு முறையில் நன்றாகப் படித்தவர்கள் போய்விட மிஞ்சுபவர்களின் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். அப்புறம், ஆறு முறை என்றால் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்துக்கு யார் சோறு போடுவது என்பதை எந்த சதவீதமும் சொல்லாது.

மூன்றாவது விஷயத்தை ஏஜென்ட்டும் சொல்லமாட்டார், கல்லூரியைத் திட்டுபவரும் சொல்லமாட்டார். உள்ளே போனவர் யார்? வெளிநாடு போக நீட் தகுதி 2018 முதல் கட்டாயம். ஆனால் தகுதி என்பது 2025ல் பொதுப் பிரிவுக்கு 720க்கு 144. அதற்குமேல் பல கல்லூரிகளில் வேறு வடிகட்டல் இல்லை, பணம் கட்டினால் சீட். ஆக 150 எடுத்தவரும் 450 எடுத்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், பாஸ் சதவீதம் இருவருக்கும் சேர்த்துத்தான். வங்கதேசத்தில் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அந்த 27 சதவீதத்தில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, சேர்ந்த மாணவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் பிள்ளையின் நீட் மதிப்பெண், அதிலும் உயிரியல் மதிப்பெண், நாட்டின் சராசரியை விட அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

கடைசியாக, நாடு என்பதே ரொம்பப் பெரிய அலகு. ரஷ்யாவில் மட்டும் இந்திய மாணவர்கள் படிக்கும் பல்கலைக்கழகங்கள் டஜன் கணக்கில். "ரஷ்யா எப்படி?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது, "இந்தக் கல்லூரி எப்படி?" என்பதற்கு உண்டு.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடப்போகிறோம்

பாஸ் வாய்ப்பைத் தவிர நான் பார்ப்பவை நாலு. விதிமுறைக்குப் பொருந்துகிறதா, படிக்கும் பாடமும் பார்க்கும் நோயாளியும் நம் தேர்வுக்கு ஒத்துவருகிறதா, பிளஸ் டூ முடித்து எத்தனை வருடத்தில் பெயருக்கு முன் டாக்டர் போடலாம், மறைந்திருக்கும் செலவு உட்பட மொத்தம் எவ்வளவு.

இதில் முதலாவதில் சறுக்கினால் மற்ற மூன்றும் வீண். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் 18ல் வெளியான விதிகளின்படி அதற்குப்பின் வெளிநாட்டில் சேர்ந்தவர் குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும், அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் அதே உரிமத்தை அங்கே பெறத் தகுதி இருக்க வேண்டும், எல்லாம் பத்து வருடத்துக்குள். திரும்பி வந்து தேர்வில் தேறியபின் இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. கல்லூரி உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் இருக்கிறது என்று காட்டுவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதும் இந்த விதிகளுக்குப் பொருந்துவதும் வேறு வேறு. தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் "அங்கீகாரம்" தருவதில்லை. "என்.எம்.சி. அப்ரூவ்டு" என்று போர்டு வைத்திருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

## வழி 1: இன்னொரு வருடம் நீட்

யாருக்கும் பிடிக்காத வழி. சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கூடப் படித்தவன் வெள்ளைக் கோட்டில் ஸ்டேட்டஸ் போடுவான். ஆனால் காலக் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒரு வருடம் டிராப், அப்புறம் இங்கே ஐந்தரை வருடம், மொத்தம் ஆறரை. வெளிநாடு என்றால் அங்கே இன்டர்ன்ஷிப்போடு பெரும்பாலும் ஆறு வருடம், முதல் முயற்சியிலேயே தேறினாலும் தேர்வு, ரிசல்ட், காகித வேலை என்று அரை வருடம், இங்கே ஒரு வருடப் பயிற்சி. ஏழரை. ஒரு வருடம் வீணாகிறதே என்று விமானம் ஏறுபவர் உண்மையில் ஒரு வருடம் பின்தங்குகிறார், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. உங்கள் பிரிவின் சென்ற ஆண்டு கட்-ஆஃபுக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான் விஷயம். ஐம்பது, எண்பது மதிப்பெண் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்னொருமுறை எழுதட்டும். இருநூறு, முந்நூறு என்றால் அதே முறையில் படித்து அந்தத் தூரத்தைத் தாண்டுவது அபூர்வம். ஏற்கெனவே இரண்டு முறை டிராப் எடுத்தவருக்கு மூன்றாவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நீட்டில் உச்ச வயது வரம்பும் முயற்சி வரம்பும் இல்லை என்பது வசதி மாதிரித் தெரிகிறது, சில வீடுகளில் அதுவே பொறியாகிவிடுகிறது.

ஒரு பிரிவினருக்கு மட்டும் இதில் சந்தேகமே வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கட்-ஆஃப் பொதுப் போட்டியை விட வெகுவாகக் குறைவு, தனியார் கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இது தெரியாமல் நிலத்தை அடமானம் வைத்து வெளிநாடு அனுப்பும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

## வழி 2: இங்கேயே தனியார், நிகர்நிலை

தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் மேனேஜ்மென்ட் இடத்துக்கு ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 20 லட்சத்தைத் தாண்டும், விடுதியும் சாப்பாடும் தனி. மொத்தமாக ஒன்று எழுபது லட்சத்தை நெருங்கும், இன்னொன்று ஒரு கோடியைத் தாண்டும்.

இதில் வாங்குவது என்ன? ஸ்கிரீனிங் தேர்வு இல்லை, மொழிச் சிக்கல் இல்லை, இரண்டாவது இன்டர்ன்ஷிப் இல்லை, போர் வந்தால் பிள்ளையை எப்படிக் கூட்டிவருவது என்ற கவலை இல்லை. வெளிநாட்டின் 35 லட்சத்தோடு இங்கே 70 லட்சத்தை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்துக்கும் ஒரு விலை போட வேண்டும். இரண்டு வருடம் முன்பாகவே சம்பாதிக்கத் தொடங்குவதும் அதில் அடக்கம்.

மறைவான பக்கமும் உண்டு. புதிதாகத் தொடங்கிய கல்லூரி சிலவற்றில் மருத்துவமனைக் கட்டில்கள் காலியாகக் கிடக்கும், நோயாளி இல்லாமல் படித்த மருத்துவம் நெக்ஸ்ட் வந்தால் அம்பலமாகும். சேர்வதற்கு முன் ஒரு நாள், செவ்வாயோ புதனோ, காலை பத்து மணிக்கு யாரிடமும் சொல்லாமல் அந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் போய் உட்காருங்கள். டோக்கன் வரிசை எவ்வளவு நீளம், மகப்பேறு வார்டில் ஆள் இருக்கிறார்களா, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உறவினர் காத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கோடி ரூபாய் கட்டுபவர் இதைச் செய்வதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை என்றால் வேண்டாம். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்த டாக்டரின் தொடக்கச் சம்பளத்தில் ஒரு கோடிக் கடனின் வட்டியைக்கூடக் கட்ட முடியாது, மேற்படிப்புக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

## வழி 3: நேபாளம், வங்கதேசம்

வெளிநாடுதான் என்று முடிவானபின் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இரண்டையும். காரணம் சதவீதம் மட்டும் இல்லை, அந்த சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பது.

எஃப்.எம்.ஜி.இ.யின் 300 கேள்வியில் 30 சமுதாய மருத்துவம், மாணவர்கள் எஸ்.பி.எம். என்று சொல்வது. தேசியக் காசநோய்த் திட்டம், தடுப்பூசி அட்டவணை, ஆஷா பணியாளரின் வேலை இதெல்லாம் இதில் வரும். நம் அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9வது மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ரஷ்யாவின் அட்டவணையில் முதலாவது 12வது மாதம், இரண்டாவது ஆறு வயதில். அங்கே ஐந்து வருடம் ஒழுங்காகப் படித்த மாணவர் இங்கே வந்து தான் படித்ததையே எழுதினால் தப்பு. தடயவியல் மருத்துவம் பத்துக் கேள்வி, அதில் இந்தியச் சட்டப் பிரிவுகளும் வரும், 2024 ஜூலை முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் இங்கே படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், டெங்கு, டைபாய்டு. தெற்காசிய வார்டுகளில் அன்றாடம் வருபவை. வங்கதேசத்தின் டாக்காவிலும் நேபாளத்தின் சித்வானிலும் படிப்பவர் இதைக் கண்ணால் பார்ப்பார். பாடநூல், தேர்வு முறை, வைவா எனும் வாய்மொழித் தேர்வு எல்லாம் நமக்குப் பழக்கமான ஜாதிதான். நேபாளத்தில் நோயாளி பேசுவது ஹிந்தி தெரிந்தவருக்குச் சுலபமாகப் பிடிபடும், தமிழ்ப் பிள்ளைக்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

குறை? விலை. மத்திய ஆசியாவை விட வெகுவாக அதிகம், சில கல்லூரிகளில் இங்குள்ள மேனேஜ்மென்ட் சீட்டையே நெருங்கும், அப்போது எதற்குப் போக வேண்டும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இடங்களும் குறைவு, சேர்க்கை விதிகளும் கறார். 2024 ஜூலை, ஆகஸ்டில் வங்கதேசத்தில் நடந்த கலவரத்தின்போது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் பாதியில் ஊர் திரும்பினார்கள். பக்கத்து நாடு என்பதால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் பஸ் பிடித்தாவது எல்லைக்கு வந்துவிடலாம் என்பது உண்மை.

## வழி 4: ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான் மற்றும் அந்தப் பக்கம்

அதிகம் பேர் போவது இங்கேதான். மொத்தச் செலவு 20 லட்சத்தில் தொடங்கி 45 லட்சம் வரை சொல்வார்கள், கிர்கிஸ்தான் அடிமட்டத்தில், ஜார்ஜியா மேலே, ரஷ்யா கல்லூரியைப் பொறுத்து நடுவில்.

வகுப்பறை ஆங்கிலத்தில் நடக்கும். வார்டு நடக்காது. கசானில் வயிற்றுவலியோடு படுத்திருக்கும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் சொல்வார், திபிலிசியில் ஜார்ஜிய மொழியில். மூன்றாம் வருடத்துக்குள் அந்த மொழியைப் பிடித்தவர் நோயாளியிடம் நோயின் வரலாறு கேட்கக் கற்றுக்கொள்கிறார், பிடிக்காதவர் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டு வருகிறார். இப்போதெல்லாம் எஃப்.எம்.ஜி.இ.யில் படம் காட்டி, நோயாளியின் கதை சொல்லிக் கேட்கும் கேள்விகள் கணிசம். முதுகுக்குப் பின்னால் நின்றவர் அங்கேதான் விழுகிறார். சில கல்லூரிகளில் முதல் மூன்று வருடம் ஆங்கிலம், பிறகு உள்ளூர் மொழி என்று இருமொழி வழி உண்டு. ஆங்கில வழிதான் வேண்டும் என்ற விதியோடு இது மோதும், சேரும்போதே எழுத்தில் வாங்க வேண்டும்.

மறைமுகச் செலவு இந்த வழியில்தான் அதிகம். பல இடங்களில் கட்டணம் டாலரில். 2019ல் டாலர் 70 ரூபாய்ச் சுற்றில் இருந்தது, 2025ல் 85ஐத் தாண்டியது. ஐயாயிரம் டாலர் கட்டணம் மூன்றரை லட்சத்திலிருந்து நாலேகால் லட்சத்துக்கு மேல் போனது, கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றாமலே. வங்கிக் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள், படிக்கும் வருடங்களின் வட்டி அசலோடு ஏறிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்தபின் கோச்சிங். எய்ம்ஸ் பக்கத்தில் டெல்லி கௌதம் நகரின் ஜன்னலில்லாத அறைகளில் தங்கி எஃப்.எம்.ஜி.இ.க்குப் படிக்கும் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அறை வாடகை, மெஸ், கோச்சிங், தேர்வுக் கட்டணம், ஆறு மாதம். முதல் முறை தவறினால் இன்னொரு ஆறு மாதம். "மொத்தம் 25 லட்சத்தில் டாக்டர்" என்ற நோட்டீஸில் இது எதுவும் வராது. பாஸ் ஆனபின் இங்கே பயிற்சிக்கு இடம் கிடைக்கச் சில மாதம் காத்திருப்பதும் நடக்கிறது. அந்தப் பயிற்சிக்குக் கல்லூரிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2022ல் மருத்துவ ஆணையம் சொல்லியிருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கேட்க வேண்டியிருக்கலாம்.

அரசியல் ஆபத்தையும் தள்ளிவிட முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகள் தாக்கப்பட்டபோது வாரக்கணக்கில் பெற்றோர் தூங்கவில்லை. சீனா கோவிட் காலத்தில் கதவை மூடி 2022 ஆகஸ்ட் வரை திறக்கவில்லை, ஆன்லைனில் படித்தவர்கள் இங்கே கூடுதல் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. சீனாவை நான் தனி வழியாக எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு சொன்னபின்னும் இந்த வழி சிலருக்குச் சரி. நீட்டில் ஓரளவு நல்ல மதிப்பெண், சுயமாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம், முதல் வருடத்திலிருந்தே நம் பாடநூல்களையும் கேள்வி வங்கிகளையும் கூடவே படிக்கும் உறுதி, மொழி கற்க ஆர்வம். இப்படிப்பட்டவர்கள் இதே கல்லூரிகளிலிருந்து வந்து முதல் முயற்சியில் 200க்கு மேல் எடுக்கிறார்கள். பிளஸ் டூ வரை டியூஷன் மாஸ்டர் தள்ளித் தள்ளிப் படித்த பிள்ளை அங்கே, கேட்பாரற்ற விடுதியில், தானாகப் படிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## வழி 5: பிலிப்பைன்ஸ்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பலகாலம் தமிழ்நாட்டில் பிரபலமாக இருந்தது, அமெரிக்கப் பாணிப் படிப்பு, எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள், நோய்களும் வெப்பநாட்டு நோய்கள். பாடத்தைப் பொறுத்தவரை நல்ல இடம். ஆனால் அங்கே அடிப்படை மருத்துவப் பட்டமான எம்.டி. படிப்பு நாலு வருடம், 48 மாதம். அதற்கு முந்தைய பி.எஸ். படிப்பு மருத்துவப் படிப்பாகச் சேராது என்று ஆணையம் சொல்லிவிட்டது. 54 மாத விதி உதைக்கிறது. வெளிநாட்டவருக்கு அங்கே உரிமம் கிடைப்பதும் நெடுநாள் சிக்கல். "எல்லாம் சரி பண்ணிட்டாங்க" என்று ஏஜென்ட் சொன்னால், படிப்புக் காலத்தை மாதக் கணக்கில் எழுதி, கல்லூரி முத்திரையோடு கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதம் கையில் வராதவரை இந்த வழி வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மொத்தச் செலவு, தோராயமாக | பதிவு வரை குறைந்தது | இப்போதைய உரிமத் தேர்வு | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| டிராப், பிறகு அரசுக் கல்லூரி | கோச்சிங் போகக் கட்டணம் மிகக் குறைவு | ஆறரை வருடம் | இல்லை | சீட் கிடைக்காமல் போவது |
| தனியார் மேனேஜ்மென்ட் | 60 முதல் 70 லட்சம் | ஐந்தரை வருடம் | இல்லை | கடன், நோயாளி இல்லாத மருத்துவமனை |
| நிகர்நிலை | 1 கோடிக்கு மேல் | ஐந்தரை வருடம் | இல்லை | கடன் |
| நேபாளம், வங்கதேசம் | 35 முதல் 65 லட்சம் | ஏழு முதல் ஏழரை வருடம் | எஃப்.எம்.ஜி.இ. | விலை, அரசியல் நிலவரம் |
| ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான் | 20 முதல் 45 லட்சம், திரும்பி வந்தபின் ஆகும் செலவு தனி | ஏழரை வருடம் | எஃப்.எம்.ஜி.இ. | மொழி, பலமுறை எழுதுவது |
| பிலிப்பைன்ஸ் | கல்லூரியைப் பொறுத்தது | விதியைப் பொறுத்தது | எஃப்.எம்.ஜி.இ., தகுதி கிடைத்தால் | 54 மாத விதி |

நெக்ஸ்ட் வந்தால் அட்டவணையில் 'இப்போதைய உரிமத் தேர்வு' என்பதன் கீழ் எல்லா வரிசையிலும் ஒரே பதில் வரும்.

## சரி, யாருக்கு எது

கட்-ஆஃபுக்கு அருகில் வந்தவர், முதல்முறை எழுதியவர், அரசுப் பள்ளி மாணவர்: முதல் வழி. வீட்டில் சொத்து இருக்கிறது, விற்காமலே கட்ட முடியும், பிள்ளைக்குத் தனியாக வெளியூரில் சமாளிக்கும் பக்குவம் இன்னும் வரவில்லை: இரண்டாவது. நாற்பது, ஐம்பது லட்சம் வரை முடியும், மதிப்பெண் சுமாராக நன்றாகவே இருக்கிறது: மூன்றாவது. முப்பது லட்சம்தான் எல்லை, ஆனால் பிள்ளை தானாகப் படிக்கும்: நாலாவது, கல்லூரியைச் சலித்து எடுத்தபின்.

150, 180 மதிப்பெண்ணோடு, உயிரியலே பிடிக்காமல், அப்பா அம்மாவின் ஆசைக்காகப் போகிறவருக்கு மேலே சொன்ன எதுவுமே சரிவராது. பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, பி.பார்ம், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்று இதே துறையில் வேறு கதவுகள் திறந்தே இருக்கின்றன. இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். 25 வயதில் ஐந்தாவது முறை எஃப்.எம்.ஜி.இ. எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்தால் கோபம் தணியும்.

வெளிநாடு என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், பணம் கட்டுமுன் கல்லூரியிடம் நேரடியாக, ஏஜென்ட் இல்லாமல், மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: உங்கள் கல்லூரியிலிருந்து கடைசி மூன்று வருடத்தில் படிப்பை முடித்த இந்தியர்கள் எத்தனை பேர், அவர்களில் முதல் முயற்சியில் எஃப்.எம்.ஜி.இ. தேறியவர்கள் எத்தனை பேர். படிப்பு எத்தனை மாதம், இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. படிப்பு முடித்த வெளிநாட்டவருக்கு உங்கள் நாட்டில் உரிமம் கிடைக்குமா, எந்தச் சட்டப்படி. மருத்துவமனையில் எத்தனை கட்டில். அப்புறம் அந்தக் கல்லூரியில் இப்போது ஐந்தாம் வருடம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேரின் நம்பரை, ஏஜென்ட் தரும் நம்பராக இல்லாமல், நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். அவர்களிடம் பாஸ் சதவீதம் பற்றிக் கேட்காதீர்கள். போன வாரம் எத்தனை நோயாளியைத் தொட்டுப் பார்த்தாய் என்று கேளுங்கள்.